கேட்பவரைக் கேலி செய்யாதீர்கள்



அமெரிக்காவில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் நம் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தான். அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர் எழுபத்தைந்தைத் தாண்டியவர். வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். காரிலும் வீட்டிலும் எந்நேரமும் ஒலிப்புத்தகம் கேட்கிறாராம். ஒன்று போர்க்கதை, இல்லாவிட்டால் குதிரையும் துப்பாக்கியுமாக கௌபாய் கதை. "இவ்வளவு பட்டும் சண்டை ஆசை தீரவில்லை பாருங்க சார். அதுவும் படிக்கக்கூட இல்லை, காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்" என்று எழுதியிருந்தான். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில், கேட்பது படிப்பாகாது என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். கல்வி, கல்லாமை என்று இரண்டு அதிகாரங்கள் எழுதிய வள்ளுவர் அடுத்ததாகவே கேள்வி என்று ஓர் அதிகாரம் வைத்தார். நம் பாட்டிமார்களில் எத்தனை பேருக்கு எழுத்துக்கூட்டத் தெரியும்? ஆனால் பாரதக் கதையை ஒரு கிளைக்கதை விடாமல் சொல்வார்கள். கோயில் வாசலில் உட்கார்ந்து கேட்டே தெரிந்துகொண்டது. அதுவும் பதினெட்டு நாள் போர்க்கதைதான். கிழவிக்குச் சண்டை ஆசை என்று யாராவது சொன்னோமா?

ஒலிப்புத்தகத்தின் வரலாற்றிலேயே போர்வீரனுக்குப் பங்கு உண்டு. முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக பிரிட்டனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற அமைப்பு இருந்தது. அதை நீண்ட காலம் நடத்திய இயன் ஃபிரேசர், 1916இல் சோம் போர்க்களத்தில் கண்களை இழந்தவர். அந்த அமைப்பும் பார்வையற்றோர் நிறுவனமும் சேர்ந்து 1935இல் இசைத்தட்டில் பேசும் புத்தகங்களைக் கொண்டுவந்தன. முதலில் வந்தவற்றில் ஜோசப் கான்ராட் எழுதிய கடற்புயல் கதையும் ஒன்று. அமெரிக்காவிலும் அதே காலத்தில் இது தொடங்கியது. பார்வை இழந்த முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது.

அடுத்தது சண்டை ஆசை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினருக்கென்றே சீருடைப் பையில் அடங்கும் அளவில் புத்தகங்கள் அச்சிட்டார்கள். 1943 முதல் 1947 வரை 12 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள். அவற்றில் ஜேன் கிரே, மேக்ஸ் பிராண்ட் எழுதிய கௌபாய் கதைகளும் இருந்தன. போர்முனையில் இருந்தவன் குதிரைக்காரன் கதையையும்தான் படித்தான். அந்த மேக்ஸ் பிராண்ட் போர்ச் செய்தியாளராக இத்தாலிக்குப் போய் 1944இல் குண்டடிபட்டு இறந்தார். இத்தகைய கதைகளால் பெரும்புகழ் பெற்ற லூயி லமூர் அதே போரில் ராணுவத்தில் பணியாற்றியவர்.

போருக்குப் போனவன் போர்க்கதையை ஏன் நாட வேண்டும் என்கிறீர்கள். போரில் எது எப்போது முடியும், பக்கத்தில் இருந்தவன் ஏன் செத்தான், இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று யாரும் சொல்வதில்லை. கதையில் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, தவறு செய்தவனுக்குக் கணக்குத் தீர்க்கப்படுவதும் உண்டு. வேண்டாம் என்றால் நிறுத்தும் பொத்தான் அவர் கையிலேயே இருக்கிறது. வியட்நாமில் அப்படி ஒரு பொத்தான் யார் கையிலும் இல்லை.

வியட்நாமுக்கு ஆள் எடுக்க அமெரிக்க அரசு 1969 டிசம்பரில் பிறந்த தேதிகளைச் சீட்டுப் போட்டு எடுத்தது. அந்தப் போரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் மாண்டார்கள். வியட்நாம் மக்கள் மாண்டது அதைவிடப் பல மடங்கு. இளைஞர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பியபோது, வன்முறை இவர்கள் மனதைக் கெடுக்குமே என்று அனுப்பியவர்கள் கவலைப்படவில்லை. இன்று கிழவர் காதில் கதை ஓடும்போது மட்டும் நமக்கு அந்தக் கவலை வந்துவிடுகிறது!

ஒரு குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கௌபாய் கதைகள் பலவற்றில் அந்த மண்ணின் பூர்வகுடிகள் வெறும் வில்லன்களாக வருகிறார்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள்தான். இது கண்டிக்க வேண்டிய விஷயம். ஆனால் அந்தக் கண்டனம் எழுதியவர்களையும் வெளியிட்டவர்களையும் சேர வேண்டும். கேட்கும் ஒரு முதியவரைப் பார்த்துச் சிரிப்பது கண்டனம் ஆகாது. தவிர, வகுப்பில் பாடப்புத்தகத்துக்குள் டெக்ஸ் வில்லரை ஒளித்துப் படித்தவர்கள் நீங்கள். பறிமுதல் செய்தவன் நான். யார் யார் என்று பெயர்ப்பட்டியல் இன்னும் நினைவில் இருக்கிறது.

தம்பி, அந்தப் பெரியவர் என்ன கேட்கிறார் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் கேட்கிறார் என்று அவரிடமே ஒருநாள் கேள். வாசல்வரைதானே போக வேண்டும்? சொன்னால் காதுகொடுத்துக் கேட்டுக்கொள். சொல்லாவிட்டால் அவர் கதையை அவர் கேட்கட்டும், விட்டுவிடு.

மறுப்பு இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். பொம்மை போடாமல் வாக்கியமாக எழுதுங்கள். ஒற்றுப்பிழை இருந்தால் மதிப்பெண் குறைப்பேன்.