உள்பக்கத்தையும் பாருங்கள்



கோடை விடுமுறை வந்துவிட்டது. மலைப்பக்கம் கிளம்பும் வீடுகளில் இந்நேரம் பயணப் பேச்சு தொடங்கியிருக்கும். எங்கள் வீட்டில் கொல்லிமலை என்று முடிவாகி, முறுக்குகூடச் சுட்டு டப்பாவில் அடைத்தாகியிருந்தது. கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, கோயிலுக்குப் போய்வரும் வழியில், பின்சீட்டில் இருந்த அம்மா கேட்டார்: "ஏன்ப்பா, நீ பிரேக் போடும்போதெல்லாம் அரத்தை வெச்சு இரும்பை ராவுற மாதிரி கேக்குதே?"

அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே 'கீச்' என்று மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது. தூசியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கீச்சுதான் எச்சரிக்கை. அம்மா கேட்ட ராவல் சத்தம் வரும்போது எச்சரிக்கைக் காலம் முடிந்துபோயிருந்தது.

பிரேக் பேட் என்பது ஓர் இரும்புத் தகடும் அதன்மேல் ஒட்டிய உராய்வுப் பொருளும்தான். புதிதில் அந்தப் பொருள் ஏறத்தாழ 10 மி.மீ. கனம் இருக்கும். தேய்ந்து தேய்ந்து 3 மி.மீ. அளவுக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். பல பேட்களில் சின்னதாக ஓர் இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். தேய்மானம் எல்லைக்கு வரும்போது அது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். நம் காதில் விழ வேண்டும் என்றே வைத்த நாக்கு அது. அதற்குப் பிறகும் ஓட்டினால், தகடே டிஸ்க்கில் உரசத் தொடங்கும். இரும்போடு இரும்பு.

காரை அதற்குமேல் ஓட்டாமல் எங்கள் தெருமுனை மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொன்னேன். ஜாக்கி போட்டு, இடது முன்சக்கரத்தைக் கழற்றினார். வெளிப்பக்க பேட் கண்ணுக்குத் தெரிந்தது. பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. எனக்கு நிம்மதி. "இருங்க சார், உள்பக்கம் பாப்போம்" என்று, பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பரைத் தூக்கினார். உள்பக்க பேட்டில் உராய்வுப் பொருள் துளியும் இல்லை, வெறும் தகடு. டிஸ்க்கின் உள்முகத்தில் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் கோடு கோடாகப் பள்ளம்.

ஒரே சக்கரத்தில் ஒரு பேட் பாதி, இன்னொன்று காலி. ஏன்? பெரும்பாலான குடும்பக் கார்களில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. அது உள்பக்க பேட்டைத் தள்ளும். அந்த விசையில் காலிப்பர் இரண்டு பின்கள் மீது நகர்ந்து வெளிப்பக்க பேட்டை இழுத்து அழுத்தும். அந்தப் பின்கள் துருவேறி இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. பாரம் முழுவதும் உள்பக்க பேட்டின் தலையில். வெளியில் நின்று சக்கரத்தின் இடைவெளி வழியே எட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாகவே தெரியும்.

இரண்டு மாதம் முன்புதான் ஓரிடத்தில் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். அவர்கள் தந்த தாளில் பிரேக்குக்கு நேரே 'சரி' என்று குறி இருந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்திருந்தால் அந்தக் குறி விழுந்திருக்காது. குழந்தைகள் ஏறும் வண்டிக்கு இப்படிக் குறி போடுவது பெரும் தவறு.

டிஸ்க்கிலேயே அதன் குறைந்தபட்ச கனம் பொறிக்கப்பட்டிருக்கும். மெக்கானிக் அளந்து பார்த்தார். அதற்கும் கீழே போயிருந்தது. லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தும் கட்டம் தாண்டிவிட்டது. முன்பக்கம் இரண்டு டிஸ்க்கும் நான்கு பேட்டும் புதிதாகப் போட்டோம். வலது பக்கம் இன்னும் ஓடுமே என்று கேட்டேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்றார். பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸைத் தடவினார். சாதாரண கிரீஸ் அங்குள்ள ரப்பரை உப்ப வைத்துவிடும். வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன் பிரேக்கைப் பலமுறை மிதித்துக் காட்டினார். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி பள்ளத்தில் விழுவதுபோல இறங்கும். அது தெரியாமல் ரிவர்ஸ் எடுத்தால் சுவர்தான். முதல் 200, 300 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக் வேண்டாம் என்றும் சொன்னார்.

எல்லாச் சத்தமும் தேய்மானம் அல்ல. மழையில் நின்ற வண்டி காலையில் கரகரத்து, நாலைந்து முறை பிரேக் போட்டதும் அடங்கினால் அது மேல்துரு. பிரேக் தொடாமலே கிறீச்சென்றால் டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள காப்புத் தகட்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கலாம். அவசர பிரேக்கில் பெடல் அதிர்ந்து கடகடத்தால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்வது. தயவுசெய்து காலை எடுத்துவிடாதீர்கள்.

பிரேக் தேயும் கதை காரின் ஆரம்ப நாளிலிருந்தே உண்டு. 1888-ல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ், கணவர் உருவாக்கிய காரைத் தன் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிப் போனார். உலகின் முதல் நீண்ட கார் பயணம் அது. இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்து பிடிக்காமல் போகவே, வழியில் செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதன்மேல் தோல் அடிக்கச் செய்தார். பிரேக் லைனிங் பிறந்த கதை அதுதான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்கும் தாய், பிரேக் தேய்ந்தது தெரிந்ததும் நிறுத்திச் சரிசெய்தார்.

கொல்லிமலைக்கு ஒரு வாரம் தள்ளிப் போனோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வந்தேன். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி அதன் பிடி குறையும். நியூட்ரலில் இறங்கவே கூடாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய ஆயில் பிரேக் சூட்டில் கொதித்துவிடக்கூடும். அதையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இந்த விடுமுறைக்குக் கிளம்பும் முன், மெக்கானிக்கிடம் முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று உள்பக்க பேட்டை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்