அலாரம் அடிக்க அடுத்தவர் தயவு வேண்டுமா?

மின்சாரம் இருந்தது. பெட்டியும் கெடவில்லை. ஆனால் அலாரம் அடிக்கவில்லை!

2025 அக்டோபர் 20-ந் தேதி அமெரிக்காவில் சில வீடுகளில் இப்படி நடந்தது. அன்று நமக்குத் தீபாவளி.

"அலெக்சா" என்னும் பேசும் பெட்டியிடம், காலையில் எழுப்பச் சொல்லிவிட்டுப் படுத்தவர்கள் சிலர் ஏமாந்தார்கள். வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அமேசான் கம்ப்யூட்டர் நிலையத்தில் கோளாறு. அதுதான் காரணம்.

சர்வர் என்றால் என்ன?

ஓட்டலில் நாம் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவர் சர்வர். கம்ப்யூட்டர் உலகிலும் அதே வேலைதான்.

இன்டர்நெட் பாட்டுப் பெட்டிக்குள் பாட்டு கிடையாது. எங்கோ இருக்கும் சர்வர் கம்ப்யூட்டர் அதை அனுப்புகிறது. சில பெட்டிகளில், "காலை 5 மணிக்கு எழுப்பு" என்ற குறிப்பும் அந்தச் சர்வரிடமே இருக்கிறது. நேரம் வந்ததும் அங்கிருந்து உத்தரவு வரவேண்டும். தொடர்பு அறுந்தால் பெட்டி ஊமைதான்!

கம்பெனி கையை விரித்தால்?

கோளாறு ஒரு நாளில் தீரும். கம்பெனியே சர்வரை மூடிவிட்டால்?

லாஜிடெக் கம்பெனி "ஸ்குவீஸ்பாக்ஸ்" பாட்டுப் பெட்டிகள் செய்வதை 2012-ல் நிறுத்தியது. 2024-ல் அவற்றுக்கான சர்வரையும் மூடியது. ஆனால் சர்வர் புரோகிராமைத் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

சிதம்பரனார் கண்ட பாடம்

ஓட்டப்பிடாரத்துக்கு இந்தப் பாடம் புதிது அல்ல. அங்கே பிறந்த வ.உ.சிதம்பரனார், 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். முதலில் ஓடியது வாடகைக் கப்பல். வெள்ளையர் கம்பெனி நெருக்கியது. கப்பல் கொடுத்தவர் பின்வாங்கினார்!

சிதம்பரனார் சோர்ந்துவிடவில்லை. ஊர் ஊராகச் சென்று பங்கு சேர்த்தார். 1907-ல் "காலியா" என்ற சொந்தக் கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது.

என்ன செய்யலாம்?

விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், வேளை தவறாமல் மருந்து சாப்பிடும் பெரியவர்கள் – இவர்களுக்கு அலாரம் விளையாட்டுச் சாமான் அல்ல.

பாட்டுப் பெட்டி வாங்கினால், அலாரம் வைத்துவிட்டு இன்டர்நெட்டைத் துண்டித்துப் பாருங்கள். நேரத்துக்கு மணி அடித்தால் நம்பலாம். அடிக்காவிட்டால், பாட்டு கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுப்புவதற்கு, செல்போனிலேயே இருக்கும் அலாரம் போதும். அது இன்டர்நெட் இல்லாமலே அடிக்கும். சாவி கொடுக்கும் பழைய கடிகாரம் இருந்தால் அதையும் தூக்கி எறியாதீர்கள். அதற்கு எந்தச் சர்வரும் வேண்டாம்!