அடுத்த தெருவும் ஆண்டவரின் தெருவே!

'பிறர் அன்பு' என்று தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னால், நம் வகுப்பில் யாரும் திணறுவதில்லை. நல்ல சமாரியன் உவமையை எழுதி, தொண்டின் பெருமையை நான்கு வரிகளில் கூறி, நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். ஆனால், சென்ற ஆண்டு நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி எங்களைத் தலைகுனிய வைத்தது.

பள்ளி வாசலில் நெல்லிக்காய் விற்கும் பாட்டியிடம், ஆறாம் வகுப்பிலிருந்தே காசு கொடுத்தும் கடன் சொல்லியும் வாங்கித் தின்றிருக்கிறோம். ஒருநாள் பாட்டி வரவில்லை. ஒரு வாரம் சென்றது. ஒரு மாதமும் சென்றது. அவர் வீடு எதுவென்று எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. பெயர்கூடத் தெரியவில்லை! பிறகுதான் அறிந்தோம்: நம் பள்ளி மதிலை அடுத்த தெருவிலேயே, காலில் அடிபட்டுப் படுத்திருந்தார். நம் பள்ளி மணியோசை நாள்தோறும் அவர் காதில் விழுந்திருக்கிறது. அவர் நிலைதான் நம் காதில் விழவில்லை.

நாம் தொண்டு செய்யாதவர்கள் அல்லர். தவக்காலத்தில் உண்டியல் சேர்க்கிறோம். கிறிஸ்மஸ் நெருங்கியதும் வேனில் ஏறித் தொலைவிலுள்ள ஓர் இல்லத்துக்குச் சென்று, பாட்டுப் பாடி, பழம் கொடுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். இது தவறென்று நாங்கள் கூறவில்லை. ஆனால் மறு ஆண்டு வேறோர் இல்லம், வேறு முகங்கள். பழைய முகங்கள் மறந்துபோகின்றன. ஆண்டுக்கு ஒருநாள் பூக்கும் அன்பு காய்க்குமா? இதுவே எங்கள் கேள்வி.

லூக்கா நற்செய்தியில் வரும் சமாரியரை மீண்டும் பாருங்கள். காயத்தில் எண்ணெய் வார்த்துக் கட்டியதோடு அவர் கடமை முடிந்ததாக நினைக்கவில்லை. சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களிக்கிறார். திரும்பி வருவது! நம் தொண்டில் இல்லாத பகுதி இதுதான்.

ஆண்டவர் இயேசு ஊர் ஊராகச் சென்று போதித்தது ஏறத்தாழ 3 ஆண்டுகளே. அதற்கு முன் நெடுங்காலம் நாசரேத்து என்ற சிற்றூரில், அக்கம்பக்கத்தார் அறிந்த தச்சராக வாழ்ந்தார். உலகை மீட்க வந்தவருக்கே ஒரு தெருவில் நிலைத்து வாழ நேரம் இருந்தது. நமக்கு மட்டும் இல்லையா?

அன்னை தெரேசாவை அறியாதவர் நம்மில் யாருமில்லை. ஆனால் அவரும் நம் பள்ளியைப் போன்றதொரு கான்வென்ட் பள்ளியில், மதிலுக்குள் பாடம் நடத்தியவர் என்பதை நினைத்துப் பார்க்கிறோமா? கல்கத்தாவில் என்டாலி என்ற பகுதியிலுள்ள லொரேட்டோ கன்னியர் பள்ளியில் 1931 முதல் 1948 வரை ஆசிரியையாகவும், தலைமை ஆசிரியையாகவும் பணியாற்றினார். அப்பள்ளி மதிலுக்கு அப்பால் இருந்த குடிசைப் பகுதியின் பெயர் மோத்திஜில். முத்து ஏரி என்று பொருள். 1948 டிசம்பரில் அவர் தம் பணியைத் தொடங்கியது தொலைதேசத்தில் அன்று, அந்த மதிலுக்கு அப்பால்தான்! கட்டடம் இல்லை, கரும்பலகை இல்லை. குச்சியால் மண்ணில் எழுத்தெழுதிக் குழந்தைகளுக்குக் கற்பித்தார். அவருடன் முதலில் வந்து சேர்ந்தவர்கள் அவருடைய பழைய மாணவியரே. அவருடைய சபை உலகெங்கும் பரவிய பின்பும் கல்கத்தாவே அவர் வீடாக இருந்தது. 1997-இல் அங்கேயே இறந்தார்; அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 2016-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

நிலைத்திருப்பது எளிதன்று. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலொக்காயில், ஒதுக்கிவைக்கப்பட்ட தொழுநோயாளரிடம் 1873-இல் சென்ற தந்தை தமியான், 16 ஆண்டுகள் அவர்களோடு வாழ்ந்தார். வீடு கட்டினார், புண்ணுக்குக் கட்டுப்போட்டார், இறந்தோரை அடக்கம் செய்தார். கடைசியில் அந்நோய் அவரையும் பற்ற, 1889-இல் உயிர்நீத்தார். வந்துபோகிறவராக இருந்திருந்தால் நோயும் இல்லை; அந்த உறவும் இல்லை.

"அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகள் தெருத்தெருவாகச் சுற்றினால் படிப்பு என்னாவது?" என்று பெற்றோர் கேட்கலாம். நாங்கள் கேட்பது வாரத்தில் அரை மணி நேரமே. "நீங்களே பள்ளியை விட்டுப் போகிறவர்கள்தானே?" என்றும் கேட்கலாம். உண்மைதான். நம் அருட்சகோதரியரும் மாற்றலாகிச் செல்கிறார்கள். ஆனால் மடம் இருக்கிறது. அவர்கள் விட்ட பணியை அடுத்து வருபவர் தொடர்கிறார். நாமும் அவ்வாறே செய்யலாமே! வகுப்புக்கு ஒரு தெரு என்று ஏற்றுக்கொள்வோம். ஓர் ஏடு வைப்போம். தனியே இருக்கும் முதியவர் யார், பள்ளியை நிறுத்திய சிறுமி யார், யாருக்குக் கடிதமோ மனுவோ எழுதித் தர வேண்டும் என்று அதில் குறிப்போம். பத்தாம் வகுப்பு முடிந்து போகும்போது அந்த ஏட்டை ஆறாம் வகுப்புத் தங்கையரிடம் ஒப்படைப்போம்.

அத்தெருவில் இந்துக்களும் இஸ்லாமியரும் இருக்கிறார்கள். அவர்கள் எந்த மதம் என்பதற்காக அன்று, நாம் கிறிஸ்துவின் பிள்ளைகள் என்பதற்காகவே அங்கே செல்கிறோம். கொடுப்பவர்களாக மட்டும் செல்லாமல், கேட்பவர்களாகவும் கற்பவர்களாகவும் செல்வோம்.

நெல்லிக்காய்ப் பாட்டி இப்போது மீண்டும் வாசலில் அமர்ந்திருக்கிறார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியும். எங்கள் பெயர்கள் அவருக்குத் தெரியும். "கணக்கில் எத்தனை வாங்கினே கண்ணு?" என்று அவர் கேட்கும்போதுதான், மறைக்கல்வி வகுப்பில் படித்த பாடம் எங்களுக்குப் புரிகிறது.

தோழியரே! விண்ணகம் தொலைவில் இருக்கலாம். அதற்குச் செல்லும் வழி, நம் பள்ளி மதிலைத் தாண்டியதும் தொடங்குகிறது. நடப்போம், நாளையும் நடப்போம்!