மருந்து இருந்தும் போலி மாத்திரையா?

எச்.ஐ.வி. தொற்றுள்ள கர்ப்பிணிகளிடம் 1990-களின் பிற்பகுதியில் தாய்லாந்தில் இரண்டு ஆய்வுகள் நடந்தன. ஹார்வர்டு ஆய்வாளர்கள் எல்லாப் பெண்களுக்கும் ஏ.இசட்.டி. மருந்தைக் கொடுத்தார்கள், எத்தனை நாள் கொடுப்பது என்பதில் மட்டுமே வேறுபாடு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்திய ஆய்விலோ, பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை.

அந்த மருந்தின் பலன் அதற்கு முன்பே தெரியும். குழந்தைக்குத் தொற்று பரவுவதை அது 25.5 சதவீதத்திலிருந்து 8.3 ஆகக் குறைக்கும் என்று அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் நடந்த ஆய்வு 1994-லேயே காட்டிவிட்டது. அந்த ஆய்விலும் போலி மாத்திரை உண்டு. அதில் குற்றமில்லை; அப்போது வேறு வழி யாருக்கும் தெரியாது. பலன் தெளிவானதும் அதை நிறுத்திவிட்டார்கள். பாங்காக்கில் அமெரிக்க மையத்தின் ஆய்வு தொடங்கியதே அதற்குப் பிறகுதான். முதல் முடிவு 1998 பிப்ரவரியில் வந்தது. இறுதிக் கணக்கு: போலி மாத்திரை பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் 18.9 சதவீதம் பேருக்குத் தொற்று, மருந்து பெற்றோரிடம் 9.4.

இத்தகைய ஆய்வுகளை 1997-ல் அமெரிக்க மருத்துவர்கள் பீட்டர் லூரியும் சிட்னி வுல்ஃபும் கண்டித்தபோது, அமெரிக்க சுகாதாரத் துறைத் தலைவர்கள் பதில் சொன்னார்கள்: 1994 ஆய்வில் பலன் தந்த, விலை கூடிய நீண்ட சிகிச்சை ஏழை நாடுகளில் எப்படியும் கிடைக்காது, போலி மாத்திரையோடு ஒப்பிட்டால்தான் விரைவாக விடை கிடைக்கும். மலிவான சிகிச்சை அவசரமாகத் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால், ஊரில் மருந்து கிடைக்காதது வேறு, ஆய்வாளரின் கையில் இருந்தும் கொடுக்கப்படாதது வேறு. போலி மாத்திரை இல்லாமலும் விடை தேடலாம் என்பதற்கு அதே நாட்டில் நடந்த ஹார்வர்டு ஆய்வே சான்று.

இது பழைய கதையல்ல. வழக்கமான சிகிச்சை இருந்தும் அதைத் தராமல் போலி மருந்து கொடுத்துப் பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடு தர வேண்டும் என்கின்றன, இந்தியாவின் 2019 மருத்துவப் பரிசோதனை விதிகள். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும், அப்படியொரு ஆய்வு நடக்கலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்கு விலை குறிப்பதாகவும் அது ஆகிவிடுகிறது.

கடுமையான அல்லது மீளமுடியாத பாதிப்பு நேரக்கூடிய இடத்தில் போலி மருந்து கூடாது என்பது மருத்துவ ஆய்வு நெறிமுறைகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனம் வகுத்த எல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதலும் இதையொட்டியே பேசுகிறது. வழிகாட்டுதலாக இருப்பதை மத்திய அரசு சட்ட விதியாக்க வேண்டும். மீறும் விண்ணப்பத்தை நெறிமுறைக் குழுக்கள் வாசலிலேயே திருப்பியனுப்ப வேண்டும். எல்லைக்குள் வரும் ஆய்வுகளிலும், நோய்க்கு மருந்து இருக்கிறது, ஆனால் இங்கே அது கிடைக்காமல் போகலாம் என்ற தகவல் ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்திலேயே நோயாளியின் தாய்மொழியில் இடம்பெற வேண்டும்.