கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வையுங்கள்



போன வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். படுக்கையில் வயதான மாமியார், புற்றுநோய் முற்றிவிட்டது. "இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மருமகள் கையில் கஞ்சிக் கிண்ணம். ஒரு கரண்டி ஊட்டுவாள். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மறுபடியும் ஊட்டினால் புரையேறும்.

"நாலு நாளாக இப்படித்தான், மாமி. பட்டினி போட்டுவிட்டேன் என்று நாத்தனார்மார் நாளைக்குச் சொல்ல மாட்டார்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் தாயாரின் கடைசி நாட்களில் வீட்டுக்கு வந்த நர்ஸம்மா எனக்குச் சொன்னதைத்தான் அவளுக்கும் சொன்னேன். அந்திம காலத்தில் சாப்பிடாததால் சாவு வருவதில்லை. சாவு நெருங்குவதால் பசி அடங்கிவிடுகிறது. வாய்ப்புண், மலச்சிக்கல், குமட்டல் ஏதாவது காரணமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவை இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். ஆசைப்பட்டுக் கேட்டால் ஒரு வாய் காப்பி கொடுங்கள். கேட்காவிட்டால், சுத்தமான துணியை நீரில் நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்துங்கள். அதுவும் ஊட்டுவதுதான்.

வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்தால், "பழகிவிடுமே" என்று பயந்து அலமாரியில் பூட்டி வைக்கிறவர்கள் உண்டு. வலி வந்து துடித்த பிறகு கொடுப்பதைவிட, குறித்த வேளைக்குத் தவறாமல் கொடுப்பதே நல்லது. அளவை மட்டும் நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அது மலச்சிக்கலை உண்டாக்கும்; அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

நோயைக் குணப்படுத்த முடியாத போதும் நோயாளியின் வேதனையைத் தணிக்க முடியும். இதற்கென்றே ஒரு வைத்திய முறை இருக்கிறது. நர்ஸாக இருந்து பின்னர் டாக்டருக்குப் படித்த சிசிலி சாண்டர்ஸ் என்ற மாது, 1967-ல் லண்டனில் இதற்காக ஒரு விடுதி திறந்தார். 'ஹாஸ்பிஸ்' என்று அதற்குப் பெயர். நம் தேசத்தில் 1986-ல் பம்பாயில் சாந்தி அவேதனா ஆசிரமம் தோன்றியது. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர்கள் சிலர் ஆரம்பித்த சங்கத்திலிருந்து, வீடு தேடிச் சென்று பேணும் வழக்கம் கேரளமெங்கும் பரவிற்று. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இந்த ஆதரவுச் சிகிச்சை சேர்க்கப்பட்டது. ஆகவே, "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்ற பேச்சைக் கேட்டு ஒடிந்து போகாதீர்கள். "வலியைத் தணிக்க யாரிடம் போகலாம்?" என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

பார்க்க வருகிற உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்றைக்கு என்ன ஊட்டினாய்?" என்று விசாரிக்காதீர்கள். "நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று கேளுங்கள். அவளை இரண்டு மணி நேரம் படுக்கச் சொல்லிவிட்டு, நோயாளியின் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். ராத்திரி முறைவைத்து விழித்திருக்க ஒரு நாத்தனார் முன்வந்தால், அவள் எடுத்துவரும் ஆரஞ்சுப் பழங்களைவிட அது பெரிய உபகாரம்.

நான் புறப்படும்போது அந்த மருமகள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மாமியாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டி இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.