இடத்திற்கு முதலிடம்

கதை சொல்லப் பாட்டி வாயைத் திறந்ததும் முதலில் வருவது என்ன? "ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தாராம்" என்பதுதானே! ராஜா வருவதற்கு முன்பே ஊர் வந்துவிடுகிறது. ஆங்கிலக் கதைகள் பெரும்பாலும் "முன்னொரு காலத்தில்" என்று காலத்தைச் சொல்லித் தொடங்கும். நம் பாட்டிமாரோ இடத்தைச் சொல்லித் தொடங்குகிறார்கள். எனவே, பள்ளியில் காலடி வைப்பதற்கு முன்பே, இடத்தை முன்வைத்துப் பேசும் முறை நம் குழந்தைகளின் காதில் விழுந்துவிடுகிறது.

ஆனால் மூன்றாம் வகுப்புச் சிறுமியின் கட்டுரை நோட்டைப் புரட்டிப் பாருங்கள். "என் பள்ளி பெரியது. என் பள்ளி அழகானது. என் பள்ளியை நான் நேசிக்கிறேன்." பத்து வாக்கியங்களும் ஒரே சொல்லில் தொடங்குகின்றன. பிழை ஒன்றும் இல்லை, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அந்தப் பள்ளி எங்கே இருக்கிறது? மலையிலா, கடற்கரையிலா? அந்தக் கட்டுரையில் எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் பொருந்திவிடும் அல்லவா?

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு இடத்தைக் குறிக்கும் சொல்லால் வாக்கியத்தைத் தொடங்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது எங்கள் தாழ்மையான கருத்து. "மரத்தடியில்", "ஆற்றுக்கு அப்பால்", "கூரைமேல்" என்று தொடங்கினால், எழுதும் கை நின்று, கண் சுற்றிலும் பார்க்கத் தொடங்கும். மனப்பாடம் செய்த வாக்கியம் அங்கே உதவாது. பார்த்தால்தான் எழுத முடியும்.

இதற்குத் தமிழ் மிகவும் வசதியான மொழி. இடத்தைக் காட்டுவது ஏழாம் வேற்றுமை. அதற்கு நன்னூலார் இருபத்தெட்டு உருபுகளைக் கூறுகிறார். மேல், கீழ், முன், பின், உள், புறம் என்று நாம் அன்றாடம் பேசும் சொற்களே அவற்றில் பல. உருபு சொல்லோடு ஒட்டியிருப்பதால் அந்தச் சொல்லை வாக்கியத்தின் முன்னும் வைக்கலாம், நடுவிலும் வைக்கலாம். ஆனால் வைக்கும் இடத்தைப் பொறுத்துப் பொருளின் அழுத்தம் மாறும். "பாட்டி எங்கே?" என்று கேட்டால், "பாட்டி அடுப்படியில் இருக்கிறார்" என்போம். "அடுப்படியில் யார்?" என்று கேட்டால், "அடுப்படியில் பாட்டி இருக்கிறார்" என்போம். சொற்கள் அவையே, பதில்கள் வேறு. எட்டு வயதுக் குழந்தைக்கும் இது விளங்கும்.

பத்தாம் வகுப்பில் நாங்கள் அகப்பொருள் இலக்கணம் படிக்கிறோம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் மக்கள், மரம், பூ, பறவை, தொழில் ஆகியவை கருப்பொருள். அதன் பிறகுதான் மனிதரின் ஒழுக்கமாகிய உரிப்பொருள். நிற்க ஒரு நிலம் இருந்தால்தான் அங்கே ஒருவர் காத்திருக்கவோ கலங்கவோ முடியும் என்று தொல்காப்பியம் அன்றே கண்டுவிட்டது. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அந்தக் குறிஞ்சியிலே வாழ்கின்ற நாம் நம் நிலத்தை விட்டுவிட்டு "என் பள்ளி பெரியது" என்று மட்டும் எழுதலாமா?

நம் மலையின் பழங்குடியினரான தோடர்களிடமும் இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் தோடர்களைப் பற்றி ஆராய்ந்து 1906-ஆம் ஆண்டு ஒரு பெரிய நூலை வெளியிட்டார். தோடரின் பால்மனைகளில் சொல்லப்படும் வேண்டுதல்களில் இரண்டு பகுதிகள் உண்டு என்று அவர் எழுதியிருக்கிறார். மந்துகள், பால்மனைகள், மலைகள், எருமைகள் ஆகியவற்றின் புனிதப் பெயர்களை முதலில் வரிசையாகச் சொல்வார்கள். பிறகே நோய் வரக்கூடாது, நன்மை பெருக வேண்டும் என்பன போன்ற வேண்டுதல்கள் வரும்.

சனிக்கிழமைகளில் நாங்கள் சிலர் தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். அங்கே இம்முறையைச் செய்து பார்த்தோம். "நான்", "என்", "அது" ஆகிய மூன்று சொற்களில் எந்த வாக்கியமும் தொடங்கக்கூடாது. இடத்தில் தொடங்க வேண்டும் என்பதுதான் விளையாட்டு. முதலில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வந்த வாக்கியங்களைப் பாருங்கள். "லைன் வீட்டுக்குப் பின்னால் அவரைப் பந்தல் இருக்கிறது." "எடை போடும் கொட்டகையில் அம்மா வரிசையில் நிற்கிறார்." "சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறுகிறது." இவற்றை எந்த உரைநூலும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ஒரு சிறுமி எழுதிய மூன்று வாக்கியங்கள் எங்களைச் சிந்திக்க வைத்தன. "இலங்கையில் எங்கள் பாட்டி கொழுந்து பறித்தார். இங்கே எங்கள் அம்மா கொழுந்து பறிக்கிறார். திருப்பூரில் எங்கள் அக்கா வேலை செய்கிறாள்." 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ பண்டாரநாயக்க அவர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டங்களில் உழைத்த நம் மக்கள் பல்லாயிரவர் தாயகம் திரும்பினர். அவர்களுக்கு வாழ்வளிக்க 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் பின்னர் டான்டீ எனும் கழகமாயிற்று. இந்த வரலாற்றைச் சமூக அறிவியல் பாடமாக நடத்தினால் ஒரு மணி நேரம் ஆகும். அச்சிறுமியோ மூன்று இடங்களை முன்னே வைத்து மூன்று வரிகளில் சொல்லிவிட்டாள். அதே சிறுமி முன்பு எழுதிய "என் குடும்பம்" கட்டுரையில், "எங்கள் குடும்பம் சிறிய குடும்பம், மகிழ்ச்சியான குடும்பம்" என்றுதான் இருந்தது.

இடத்தை முதலில் சொல்லும் பழக்கம் ஏட்டோடு நிற்பதும் அன்று. நம் மலையில் கரடியும் காட்டெருமையும் குடியிருப்பு வரை வருகின்றன. "நான் வந்தேனா, அப்போது கறுப்பாக ஒன்று..." என்று தொடங்கும் குழந்தையைவிட, "தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கரடி நிற்கிறது" என்னும் குழந்தையே பெரியவர்களுக்கு உதவுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறந்துவிட முடியாது. அப்படிப்பட்ட நாளில் மண் சரிந்தாலோ, மரம் விழுந்தாலோ, 108-க்கு அழைத்தாலோ, "எங்கே?" என்ற கேள்விக்குத் தெளிவான விடை வேண்டும். தோட்டத்தில் தெருப்பெயரும் கதவு எண்ணும் எல்லா வீட்டுக்கும் கிடையாது. "கோயில் வளைவுக்கு மேலே மூன்றாவது லைன்" என்று சொல்லத் தெரிந்த குழந்தை ஓர் உயிரையே காப்பாற்றக்கூடும்.

சிறு குழந்தைகளுக்கு எதற்கு இவ்வளவு இலக்கணம் என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் 2014 முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில், எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகள் இதனை "பிரண்டட் அட்வெர்பியல்" என்ற பெயரோடும், அதன் பின் காற்புள்ளி இட வேண்டும் என்ற விதியோடும் கற்க வேண்டும். கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டு 2021-இல் வீட்டிலேயே பாடம் நடந்தபோது, அந்தப் பெயரைக் கேட்டே பெற்றோர் பலர் திகைத்தனர். எழுத்தாளர் மைக்கேல் ரோசன் போன்றோர் இம்முறையைக் கடுமையாகக் குறை கூறினர். பெயரும் விதியும் முன்னால் வந்து, பார்ப்பதும் எழுதுவதும் பின்னால் போனால் குழந்தைக்குச் சலிப்புத்தான் மிஞ்சும். அந்தத் தவறு இங்கே வேண்டாம்.

ஆகவே நாங்கள் வேண்டுவது புதிய பாடநூலை அன்று. ஏழாம் வேற்றுமை என்ற பெயர் மேல்வகுப்பு வரை காத்திருக்கட்டும். வாரம் ஒருமுறை குழந்தைகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, "அங்கே என்ன? அதற்குக் கீழே என்ன? வேலிக்கு அப்பால் யார்?" என்று கேட்டால் போதும். அவர்கள் சொல்லும் விடைகளை அப்படியே எழுதச் சொல்லலாம். வீட்டில் படுக மொழியோ, கன்னடமோ, மலையாளமோ பேசும் குழந்தைகள் முதலில் தம் மொழியிலேயே சொல்லட்டும். பிறகு தமிழில் எழுதட்டும். எல்லா வாக்கியங்களையும் இப்படியே தொடங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. "என்" என்ற சொல்லுக்குப் பதிலாக "அங்கே" என்ற சொல் பத்து முறை வந்தால் பயன் என்ன?

பெற்றோர்களே, மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும் "எத்தனை மார்க்?" என்பதற்கு முன், "வழியில் எங்கே என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். அருட்சகோதரிகளே, ஆசிரியைகளே, அடுத்த கட்டுரைப் பயிற்சியில் இம்முறைக்கு ஒரு வாய்ப்பளியுங்கள். அன்புத் தங்கைகளே, நீலகிரியின் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பெயர் உண்டு; ஒவ்வொரு பெயரிலும் உங்களுக்கு ஒரு வாக்கியம் காத்திருக்கிறது. நோட்டை எடுங்கள். இடத்திற்கு முதலிடம் கொடுங்கள்!