உறங்கும் காவல்

உடலைக் காக்கும் காவலருள் தலையாயது வலி. முள் தைத்த கால் வலிப்பதனால்தான் முள்ளைக் களைகிறோம். மூக்கால் உறிஞ்சப்படும் கொகைன் என்னும் போதைப்பொருளோ, அக்காவலைத்தான் முதலில் உறங்கச் செய்கிறது. 1884ஆம் ஆண்டு கார்ல் கோலர் என்னும் மருத்துவர், கண் அறுவை மருத்துவத்தில் வலி தெரியாதிருக்கப் பயன்படுத்திய பொருள் இதுவே. மருத்துவர் கையில் நன்மையாய் இருந்த அந்த மரப்பு, போதையை நாடுவோர்க்குக் கேடாகிறது.

மூக்கின் இரு துளைகளையும் பிரிக்கும் இடைச்சுவரின் முன்பகுதி குருத்தெலும்பால் ஆனது. அதற்கெனத் தனி இரத்தக் குழாய்கள் இல்லை. அதன்மேல் போர்த்திய சளிச்சவ்வே அதற்கு ஊட்டமளிக்கிறது. கொகைன் அச்சவ்வின் குழாய்களைச் சுருக்குகிறது. ஊட்டமிழந்த சுவர் புண்ணாகித் துளைபடுகிறது. மணமறியும் திறன் குன்றுகிறது. கேடு முற்றினால் வாயின் மேலண்ணத்திலும் ஓட்டை விழலாம். அப்போது உண்ட உணவும் பருகிய நீரும் மூக்கின் வழியே வெளிவரும், பேச்சும் சிதையும். தொண்டைக்குள் வடியும் பொடி குரலைக் கம்மச் செய்யும்.

‘ஒருமுறை பார்ப்போம், துன்பம் தெரிந்தால் விட்டுவிடலாம்’ என்பர் சிலர். துன்பத்தை உணர்த்தும் புலனே மரத்துப்போனபின் எதைக்கொண்டு அறிவது? மறுப்பதற்குரிய காலம் முதல்முறைக்கு முன்னரே.

சிக்குண்டோரை இகழ்ந்து ஒதுக்குதலும் தகாது, அவர்கள் நோயாளர். 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண் அவர்களுக்காகவே உள்ளது. நண்பனின் பழக்கத்தை மறைப்பது நட்பன்று. அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நட்பு.